சிறு வழங்கிகளில் வன்தட்டின் மின்தேவை: ஒரு வரலாறு

சர்வர் எனப்படும் வழங்கியின் சிறிய வகை, அலுவலகம், பள்ளி, நூலகம் போன்ற இடங்களில் சில வன்தட்டுகளுடன் இரவும் பகலும் இயங்கும் கணினி ஆகும். அதில் எத்தனை வன்தட்டுகளைப் பொருத்தலாம் என்பதை, அவை ஓடும்போது செலவாகும் மின்சாரத்தைவிட, சுழலத் தொடங்கும் சில நொடிகளில் தேவைப்படும் மின்சாரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

தோற்றம்

முதல் வணிக வன்தட்டான ஐபிஎம் 350, 1956-இல் வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் அது 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. 1980-இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல வன்தட்டை வெளியிட்ட பின்னர், மேசைக் கணினிக்குள்ளேயே வன்தட்டை வைக்க முடிந்தது. 1981-இல் வன்தட்டு இல்லாமல் வந்த ஐபிஎம் தனிக்கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. 10 மெகாபைட் வன்தட்டுடன் 1983-இல் வந்த எக்ஸ்டி கணினிக்கு அது 130 வாட்டாக உயர்த்தப்பட்டது.

தொடக்க மின்னோட்டம்

நிலையில் நிற்கும் நெல்லையப்பர் தேரைக் கிளப்பும்போதுதான் வடம் பிடிப்போர் முழு வலுவையும் செலுத்த வேண்டும். வன்தட்டின் மோட்டாரும் அத்தகையதே. 3.5 அங்குல வன்தட்டு ஓடும்போது சுமார் 5 முதல் 8 வாட் வரை எடுக்கும். தொடங்கும்போது 12 வோல்ட் இணைப்பில் மட்டும் ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 24 வாட் எடுக்கும். நான்கு வன்தட்டுகள் ஒன்றாகத் தொடங்கினால் 96 வாட் தேவை. தாய்ப்பலகைக்கு 30 வாட் சேர்ந்தால், 120 வாட் மின்வழங்கி போதாது. அப்போது மின்னழுத்தம் தாழ்ந்து வன்தட்டு உரிய வேகத்தை எட்டாமல் போகலாம். அல்லது மின்வழங்கி தானாக நின்றுவிடலாம்.

தாமிரபரணிக் கரையில்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் இயங்கி வருகிறது. அதன் மின்சாரம் மாநில மின்தொகுப்பில் சேர்வதால், 2012-இல் ஏற்பட்ட கடும் மின்தட்டுப்பாட்டிலிருந்து திருநெல்வேலி மாவட்டமும் தப்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. இடைவிடாமல் ஓடும் வழங்கி, தொடக்க மின்னோட்டத்தை எப்போதாவதுதான் சந்திக்கும். யூபிஎஸ் மின்கலம் தீர்ந்து வழங்கி அணையும் ஊரிலோ, மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அச்சோதனை நேரும். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஓடும்போதான செலவைப் பொறுத்தது. மின்வழங்கியின் திறனையோ தொடக்கத் தேவையைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

தீர்வுகள்

வன்தட்டுகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் முறை, பழைய ஸ்கசி வகையிலும் பின்னர் வந்த சாட்டா வகையிலும் இடம்பெற்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இம்முறையைப் பின்பற்றினால், நான்காவது வன்தட்டு தொடங்கும்போதும் மொத்தத் தேவை 80 வாட்டைத் தாண்டாது. 5 வோல்ட்டில் இயங்கும் 2.5 அங்குல வன்தட்டுகளுக்குத் தொடக்கத்தில் சுமார் 5 வாட் போதும். திண்மநிலைச் சேமிப்பகங்களில் மோட்டாரே இல்லை. எனினும் பெருமளவு தரவைக் குறைந்த செலவில் சேமிக்கச் சுழலும் வன்தட்டுகளே இன்றும் பயன்படுவதால், இக்கணக்கின் தேவை நீங்கவில்லை.