மலைமேல் ஒரு கடல்

சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ். மலையில் அலைகளைப் பார்த்த துரைமார் ஏட்டில் எழுதிவைத்த பெயர் அது. ஊர்ச்சனத்துக்குப் பச்சைக்கூமாச்சி, இன்று எல்லோருக்கும் மேகமலை. அங்கே எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் 80 லிட்டர் கண்ணாடித்தொட்டி ஒன்றை வைத்து, அதில் கடலைக் கொண்டுவரப் பார்த்தார். நன்னீர்த்தொட்டி அல்ல, உப்புத்தண்ணீர்த் தொட்டி. "உப்பு நமக்கென்ன பஞ்சமாண்ணே, தூத்துக்குடி உப்பு மூட்டைக்கணக்கில வருதே" என்றார். கல்லுப்பை அளந்து கரைத்தார். அடர்த்திமானி 1.025 காட்டியது. கடலின் கணக்கும் அதுதான். ஆனால் அது கடல் இல்லை.

ஏன் இல்லை என்பதை உப்பளத்தில்தான் தேடவேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் நாம் உப்பு என்று சொல்லும் பொருள் ஏறக்குறைய 27 கிராம்தான். பாத்திகளில் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியம் சேர்ந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். சமையலுக்கு வேண்டாததெல்லாம் கழிந்துபோன மிச்சமே மூட்டையில் மலையேறி வருகிறது. கழித்துவிட்டதைத் திரும்பச் சேர்த்த செயற்கைக் கடலுப்பைப் பார்சலில் வரவழைக்க வேண்டியதாயிற்று, 80 லிட்டருக்குச் சுமார் 2.8 கிலோ. உப்பளத்தில் காலம்பூராவும் கண்ணும் காலும் எரிய நிற்கிற பெண்களின் கூலியையும் இந்தப் பார்சலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கடலிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது உப்பளத்தோடு நிற்பதில்லை. கண்ணாடித்தொட்டியின் சரித்திரமும் அதுதான். 1846இல் அன்னா தைன் என்ற இங்கிலாந்துச் சீமாட்டி டார்க்கே கடற்கரையில் கண்ட பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய் உயிரோடு வைத்திருந்தார். எப்படி? திறந்த சன்னலருகே வைத்து, தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றுவதன் மூலம். ஊற்றியவர் வீட்டு வேலைக்காரப் பெண். சீமாட்டியின் பெயர் இருக்கிறது, பவளத்தின் பெயர் இருக்கிறது. காற்றைத் தண்ணீருக்குள் செலுத்திய அந்தக் கைக்குப் பெயரில்லை. 1854இல் பிலிப் காஸ் 'அக்வேரியம்' என்ற சொல்லைத் தலைப்பாக்கிப் புத்தகம் போட்டார். ஆளாளுக்குக் கூடையோடு கடற்கரைக்கு ஓடினார்கள். பாறைக்குழிகள் வெறிச்சோடிப்போனதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்தோடு எழுதவேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கதை 1909இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மெரினாவில் கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதல் என்ற பெருமை இதற்குச் சொல்லப்படுவதுண்டு. டோக்கியோவின் உவேனோவில் 1882லேயே மீன் காட்சிச்சாலை வந்துவிட்டது என்பதால் அந்தப் பெருமையை விட்டுவிடலாம். யோசனை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனுடையது. அவருக்குப் பின்வந்த ஹெண்டர்சன் காலத்தில் அது நிறைவேறியது. அதே 1909இல்தான் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய 7 தொகுதிகளை வெளியிட்டார். மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்த அதே மனிதர், ஆட்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். இந்த மலையடிவாரத்துப் பளியரும் அந்தத் தொகுதிகளில் அகரவரிசையில் ஒரு தலைப்பு.

ஒரே ஆண்டில் நடந்தது தற்செயலாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் பின்னாலிருக்கும் பார்வை ஒன்று. இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, பெயர் ஒட்டி, பார்ப்பவனுக்கு எதிரே நிறுத்துவது. மெரினாவில் காலனியம் இன்னொன்றையும் செய்தது: கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் கடலைப் பார்க்க நம்மைப் பழக்கியது. ஜப்பான் குண்டுவீச்சுப் பயத்தில் 1942இல் அந்தச் சாலை மூடப்பட்டது. பார்வை மூடப்படவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தக் கிளம்பியது நம்முடைய அரசுதான்; துப்பாக்கிச் சூடுவரை போயிற்று. காட்சியாகிவிட்ட கடலில் மீன்பிடிப்பவன் கறையாகத் தெரிகிறான்.

மலைக்கும் இது புதிதல்ல. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் இதே ஹைவேவிஸில் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று வேறு பெயரில் பம்பாய்க்குப் போய், 24 ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்தது. 1972இல்தான் அது தனி இனம் என்று தெரிந்து, அதற்குச் சலீம் அலியின் பெயர் வைக்கப்பட்டது. அதுவரை வௌவால் இங்கே தன்பாட்டுக்குப் பழம் தின்றுகொண்டுதான் இருந்தது.

நண்பருக்கு அடுத்த ஆசை பவளம். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் முடிந்துபோகிறது. அதைத் தாண்டினால் மண்டபம், பாம்பன், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. விளைவாக 2 தீவுகள் நீருக்குள் போயின. 1986இல் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறின. எடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூச்சடக்கி முங்கி அட்டை எடுத்துப் பிழைத்தவன் அந்த ஆண்டிலிருந்து குற்றவாளி. பாறையைப் பாளம்பாளமாகத் தின்ற ஆலைகள் மேல் அப்படியொரு பெயர் ஒட்டவில்லை. பாதுகாப்பு என்கிற சொல்லாடல் யாரிடமிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆக, தொட்டியில் பவளமும் இல்லை, கடலில் பெயர்த்த கல்லும் இல்லை. பீங்கான் வளையங்கள் போட்டார். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனை வளர்ப்பகத்திலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உண்டாக்கியிருக்கிறது. அப்படி வளர்ந்த 2 குஞ்சுகள் போதும் என்று முடிவு. ஆனால் உடனே விடமுடியாது. தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டார். அழுகலில் வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றவேண்டும், இன்னொருவகை அதை நைட்ரேட்டாக மாற்றவேண்டும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. காட்சிக்கென்று வைத்த தொட்டியில் முக்கியமான காரியம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. இதை அவசரப்படுத்தியவர்கள் மீனைச் சாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரிக் குளிருக்கு ஹீட்டர் வைத்து 26 டிகிரியில் நிறுத்தவேண்டும். ஆவியாகிப்போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும். குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றவேண்டும். நண்பர் முதலில் உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டு அடர்த்திமானி ஏறுவதைப் பார்த்து முழித்தார்.

ஐந்தாவது வாரம் போயிருந்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் கொஞ்சம் காட்டியது. மழை அடித்துக் கரண்டு போய் 2 நாளாகியிருந்தது. காற்று மோட்டார் நின்றால் நுண்ணுயிரும் மூச்சுமுட்டிச் சாகும். நண்பர் ஆபீஸில் இருந்தார். அவர் வீட்டம்மா குவளையோடு தொட்டி ஓரத்தில் நின்றார்.

"மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே இருக்கணுமாம்ண்ணே. சொல்லிட்டுப் போயிட்டாரு. வர்றவங்கல்லாம் அவரு வச்ச கடலுங்கிறாங்க. செத்த இந்தக் குவளையப் பிடிங்க, உலை கொதிக்குது."

வாங்கிக்கொண்டேன்.