தம்போரா எரிமலை வெடிப்பு (1815)

இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்துச் சிதறியது. எழுத்தில் பதிவான வரலாற்றில் மிகப் பெரிய எரிமலை வெடிப்பாக இது கருதப்படுகிறது. 0 முதல் 8 வரையிலான வெடிப்புக் குறியீட்டில் இதன் அளவு 7. நெருப்பில் மாண்டவர்களைவிட, சாம்பல் விளைவித்த பஞ்சத்திலும் நோயிலும் மாண்டவர்களே பல மடங்கு.

வெடிப்பு

1812 முதல் குமுறிவந்த மலை, 1815 ஏப்ரல் 5 அன்று பெரிதாக வெடித்தது. ஜாவாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதன் ஒலியைப் பீரங்கி முழக்கம் என எண்ணி, யோக்யகர்த்தாவிலிருந்து படையை அனுப்பினர். ஏப்ரல் 10 மாலை உச்சியிலிருந்து மூன்று தீத்தூண்கள் எழுந்து ஒன்றாகக் கலந்ததை, மலைக்கு அருகிலிருந்த சாங்கர் சிற்றரசின் அரசர் கண்டார். கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிவுகளில் பாய்ந்து தம்போரா, பெகாட் ஊர்களை அழித்தன. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயர்ந்திருந்த மலை 2,850 மீட்டராகக் குறைந்து, உச்சியில் சுமார் 6 கி.மீ. அகலப் பெரும்பள்ளம் உண்டானது.

சாம்பல் வீழ்ச்சி

நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவு வரை பகலும் இருண்டது. சும்பாவாவின் கிழக்கிலுள்ள பீமாவில் சாம்பலின் பாரம் தாங்காமல் வீடுகள் இடிந்தன. வயல்கள் புதைந்தன, குடிநீர் கெட்டது. ஜாவாவின் துணைநிலை ஆளுநர் ராஃபிள்ஸ், சும்பாவாவுக்கு லெப்டினன்ட் ஓவன் பிலிப்ஸ் வசம் அரிசி அனுப்பினார். வழியோரப் பிணங்களையும் மக்கள் வெளியேறிய ஊர்களையும் கண்ட பிலிப்ஸ், சாங்கர் அரசரின் மகள் ஒருத்தியே பசியால் இறந்ததை அறிந்து எழுதினார். பஞ்சம் லொம்போக் தீவுக்கும் பரவியது. நேரடியாக இறந்தவர்கள் சுமார் 10,000 பேர் எனவும், மொத்த இறப்பு 70,000-க்கும் மேல் எனவும் பரவலாக மதிப்பிடப்படுகிறது.

உலகளாவிய தாக்கம்

சாம்பலின் பெரும்பகுதி விரைவில் படிந்துவிட்டது. ஆனால் அடுக்கு மண்டலத்தை எட்டிய கந்தக டை ஆக்சைடு, நுண்துளிகளாகி உலகெங்கும் பரவிச் சூரிய ஒளியைத் தடுத்தது. 1816 'கோடையில்லா ஆண்டு' ஆயிற்று. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது; மேற்கு ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்துத் தானிய விலை ஏறியது.

ஆய்வுகள்

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்படிவங்களில் இவ்வெடிப்பின் கந்தகத் தடயம் பதிந்துள்ளது. 2004-இல் எரிமலையியலாளர் ஹரால்டுர் சிகுர்ட்சன் குழுவினர் தம்போராவில் சுமார் 3 மீட்டர் படிவுக்கடியில் கருகிய வீடொன்றையும், அதில் இருவரின் எச்சங்களையும், வெண்கலக் கலங்களையும் கண்டெடுத்தனர். மலையடிவாரத்தினரை முன்கூட்டியே வெளியேற்றுவது மட்டும் போதாது, சாம்பல் மூடிய ஊர்களுக்கு உணவும் நன்னீரும் உடனே சேர வேண்டும் என்பதற்குத் தம்போராவின் இறப்புக் கணக்கே சான்று.