ஐதர் அலி சர்வாதிகாரியான வரலாறு



திருக்கோணமலைத் துறைமுகத்தைக் காத்து நிற்கும் பழங்கோட்டையை நீங்கள் அறிவீர்கள். 1782ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அதற்கு முந்திய மாதத்திலேதான் அவர் கடலூருக்கு அண்மையில் பாசறையிட்டிருந்த தம் நட்பாளர் ஐதர் அலியைச் சந்தித்து உரையாடினார். மன்னர் குலத்திற் பிறவாத ஐதர், மைசூரை ஆளும் நிலைக்கு உயர்ந்தது எவ்வாறு?

1720ஆம் ஆண்டளவில், கோலாருக்கு அண்மையிலுள்ள பூதிக்கோட்டையில் அவர் பிறந்தார். படைத்தலைவராயிருந்த தந்தையார் போரில் மாண்டபோது ஐதர் சிறு பிள்ளை. எழுதப் படிக்க அவர் கற்றதில்லை. ஆயினும் அவருடைய நினைவாற்றல் கண்டோரை வியக்க வைத்தது. தமையனாரைப் பின்பற்றி மைசூர்ப் படையிற் சேர்ந்த அவர், 1749இல் தேவனஹள்ளி முற்றுகையிலே காட்டிய வீரத்தால் அமைச்சர் நஞ்சராஜரின் மதிப்பைப் பெற்றார்.

அக்காலத்தில் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரளவிலேயே மன்னர். தளவாய் தேவராஜரும் அவர் சகோதரர் நஞ்சராஜருமே நாட்டை நடத்தினர். நஞ்சராஜர் வகித்த பதவியின் பெயர் 'சர்வாதிகாரி' என்பதாம். இன்று நாம் அச்சத்தோடு கூறும் இச்சொல், மைசூரில் ஓர் அமைச்சர் பதவியையே குறித்தது.

அந்த நஞ்சராஜர் திருச்சிராப்பள்ளியைப் பெற விரும்பி நெடுநாள் போர் நடத்தினார். நகரம் கிட்டவில்லை, கருவூலம் வறண்டது. ஐதரோ, 1755இல் திண்டுக்கல்லின் பொறுப்பைப் பெற்று, பாளையக்காரரை அடக்கி, பிரெஞ்சுத் தொழில் வல்லுநரைக் கொண்டு படைக்கலச் சாலையும் அமைத்தார். 1758இல் சம்பளம் பெறாத வீரர்கள் தலைநகரிற் கிளர்ச்சி செய்தபோது, அவரே வந்து நிலுவையைத் தீர்த்து வைத்தார். அன்றிலிருந்து படை அரண்மனையை நோக்கவில்லை, ஐதரையே நோக்கியது.

1760இல், முன்பு ஐதரின் கணக்கராயிருந்து உயர்ந்த கண்டே ராவ் அரண்மனையோடு சேர்ந்து அவரை வீழ்த்த முயன்றார். ஐதர் குடும்பத்தையும் விட்டு, இரவிலே காவிரியைக் கடந்து தப்பினார். மறு ஆண்டு படையோடு மீண்டு கண்டே ராவைச் சிறைப்படுத்தினார். சர்வாதிகாரி என்னும் பதவியையும் தாமே ஏற்றார். மன்னரின் சிம்மாசனம் அகற்றப்படவில்லை. அதில் இருந்தவருக்கு அதிகாரந்தான் இல்லை.

"ஆற்றல் உள்ளவர் ஆண்டால் என்ன குறை, ஐயா?" என்று என் மாணவன் ஒருவன் முன்பு வினவினான். ஐதரின் ஆற்றலை மறுப்பவர் எவருமில்லை. ஆங்கிலேயரே அவரை அஞ்சினர். ஆனால், கடமையை மறந்த மன்னரும், உழைத்தவனுக்குக் கூலி கொடாத அமைச்சரும் அன்றோ அவருக்கு வழி திறந்தவர்கள்? அவ்வாறு திறந்த வழியில் வருபவன் வல்லவனாயினும், அவனைத் தட்டிக் கேட்பதற்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை. நேற்று அவனுக்குத் துணை நின்ற கண்டே ராவே இன்று சிறையில் இருக்கிறார். ஒருவன் நல்லவனாயிருப்பான் என்ற நம்பிக்கை ஒன்றையே நாட்டுக்குக் காவலாக வைப்பது தகுமா? இதுவே அம்மாணவனுக்கு நான் கூறிய விடை.

1782 டிசம்பரில் சித்தூருக்கு அண்மையிலே, போர்ப் பாசறையில் ஐதர் காலமானார். நம் துறைமுகமோ சமாதான உடன்படிக்கையின்படி மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. அவர் ஏற்ற பதவியின் பெயர் மட்டும், பொருள் மாறி, நம் நாவிலே நிலைத்துவிட்டது.