ஆம்பூர் - வாணியம்பாடி வட்டாரச் சமுதாயப் பள்ளிகள்

ஆம்பூர் - வாணியம்பாடி வட்டாரச் சமுதாயப் பள்ளிகள் என்பவை தமிழ்நாட்டின் பாலாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள தோல் தொழில் நகரங்களில், அந்தந்த ஊர்ச் சமுதாயத்தினரும் சமய அமைப்புகளும் சங்கம் அமைத்துத் தொடங்கி நடத்திவரும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆகும். இவற்றுட் பல இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றியவை. பெரும்பாலானவை இன்று அரசு உதவி பெறும் பள்ளிகளாக இயங்குகின்றன. தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் வட்டாரம் என்பதால், பயிற்றுமொழி பற்றிய கேள்வி இப்பள்ளிகளின் வரலாற்றில் தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளது.

அமைவிடம்

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலாற்றின் கரையோரமாக இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. பேரணாம்பட்டு இச்சாலையிலிருந்து சற்று விலகி அமைந்த தோல் நகரமாகும். இவையனைத்தும் முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்தன. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விசாரமும் இராணிப்பேட்டையும் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கின. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலேயே தொடர்கிறது.

வரலாறு

பின்னணி

1854 ஆம் ஆண்டு வெளியான உட்டின் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. 1882 இல் அமைக்கப்பட்ட அண்டர் கல்விக் குழு, முசுலிம்களின் கல்விக்குச் சிறப்பு முயற்சிகள் தேவை எனப் பரிந்துரைத்தது. இவ்விரண்டும், பொருள் வசதி படைத்த ஊர்ச் சமுதாயங்கள் தாமே பள்ளி தொடங்குவதற்கு ஏற்ற சூழலை உருவாக்கின.

அதே காலத்தில் பாலாற்றுப் பகுதியில் தோல் வணிகம் பெருகியது. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு பதனிடப்பட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியானது. இவ்வணிகத்தில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை வணிகர்கள் பள்ளிவாசல், மதரசா, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குக் கொடையாக அளித்தனர். ஆம்பூருக்கு அருகில் 1924 இல் தொடங்கப்பட்ட உமராபாத் ஜாமிஆ தாருசுசலாம் அரபிக் கல்லூரி இதற்கு ஒரு சான்று. இதனை நிறுவிய காக்கா முகமது உமர் ஒரு தோல் வணிகர். அவர் பெயராலேயே அவ்வூர் வழங்குகிறது.

கல்விச் சங்கங்கள்

தென்னிந்திய முசுலிம் கல்விச் சங்கம் 1902 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அக்காலத்தை ஒட்டிப் பாலாற்று நகரங்களிலும் ஊர்தோறும் கல்விச் சங்கங்கள் உருவாயின. வாணியம்பாடி முசுலிம் கல்விச் சங்கம் இசுலாமியா பள்ளிகளையும், 1919 இல் தொடங்கப்பட்ட இசுலாமியாக் கல்லூரியையும் நடத்துகிறது. மேல்விசாரம் முசுலிம் கல்விச் சங்கம் 1918 இல் நிறுவப்பட்டது. தோல் வணிகரும் கொடையாளருமான நவாப் சி. அப்துல் அக்கீமின் பெயரில் 1965 இல் அங்கு ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. ஆம்பூரில் மசுகருல் உலூம் மேல்நிலைப் பள்ளியும், 1969 இல் தொடங்கப்பட்ட மசுகருல் உலூம் கல்லூரியும் உள்ளன.

இவ்வூர்களில் பெரும்பாலும் பள்ளி முதலிலும் கல்லூரி பின்னரும் தோன்றின. பள்ளி இறுதி வகுப்பை முடித்த மாணவர் வெளியூர் செல்லாமல் மேற்கொண்டு படிக்க வேண்டும் என்பதே கல்லூரிகள் தோன்றக் காரணமாயிற்று.

கிறித்தவ, இந்து அமைப்புகளின் பங்கு

1853 இல் அமைக்கப்பட்ட ஆர்க்காடு மிசன் வேலூரிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிகளை நடத்தியது. வேலூர் ஊரிசுக் கல்லூரி இம்மரபில் வந்ததாகும். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருட்டிணன் இக்கல்லூரியில் பயின்றவர். அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் திருச்சபை 1895 இல் கிருட்டிணகிரியில் பணியைத் தொடங்கிப் பின் ஆம்பூருக்கும் விரிந்தது. ஆம்பூர் கன்கார்டியா மேல்நிலைப் பள்ளி அதன் வழிவந்த நிறுவனமாகும். ஆம்பூர் இந்து மேல்நிலைப் பள்ளியும் இவ்வட்டாரத்தின் அரசு உதவி பெறும் பள்ளிகளுள் குறிப்பிடத்தக்கது. பள்ளியை நடத்துவோர் ஒரு சமயத்தவராக இருப்பினும், மாணவரும் ஆசிரியரும் பல சமயத்தினராக இருப்பது இங்கு வழக்கமாகும்.

விடுதலைக்குப் பின்

இந்திய அரசியலமைப்பின் 30 ஆவது பிரிவு, சமய, மொழிச் சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை வழங்குகிறது. 1956 இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1978 இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி (10+2) அறிமுகமானபோது, இவ்வட்டாரத்தின் பல உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்தன. ஆய்வுக்கூடம், கூடுதல் வகுப்பறை, முதுகலை ஆசிரியர் ஆகியவற்றுக்கு வசதி இல்லாத சிறிய பள்ளிகள் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள உயர்நிலைப் பள்ளிகளாக நீடித்தன.

நிருவாகம்

பள்ளியின் உரிமை பதிவு செய்யப்பட்ட சங்கத்திடமோ அறக்கட்டளையிடமோ திருச்சபையிடமோ இருக்கும். நிருவாகத்தின் சார்பில் கல்வித் துறையுடன் தொடர்பு கொள்பவர் தாளாளர் எனப்படுகிறார். அன்றாடப் பணிகளைத் தலைமையாசிரியர் கவனிக்கிறார். ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு வழங்குகிறது. கட்டடம், பழுதுபார்ப்பு, கூடுதல் ஆசிரியர் ஆகியவற்றின் செலவைச் சங்கமே ஏற்க வேண்டியுள்ளது. இதனால் ஒரே பள்ளியில் அரசு ஊதியம் பெறும் ஆசிரியரும், நிருவாகத்திடம் அதைவிடக் குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியரும் அருகருகே பணியாற்றும் நிலை உண்டு.

மாணவர் எண்ணிக்கை குறைந்தால், ஆசிரியர் - மாணவர் விகிதத்தின்படி பணியிடங்கள் உபரியாகக் கணக்கிடப்படும். ஆகவே, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாணவர் சேர்க்கை என்பது சிறிய பள்ளிகளுக்கு வாழ்வுப் பிரச்சினையாகும்.

தனியார் பள்ளிகள் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்டு வந்தன. அதற்கு மாற்றாக 2018 இல் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறைப்படுத்துதல்) சட்டம் இயற்றப்பட்டு, 2023 இல் நடைமுறைக்கு வந்தது.

பயிற்றுமொழி

இவ்வட்டார முசுலிம்களில் பலர் வீட்டில் தக்கினி வகை உருதுவையும் கடைத்தெருவிலும் பணியிடத்திலும் தமிழையும் பேசுகின்றனர். எனவே, இங்குள்ள பள்ளிகளில் தமிழ்வழி, உருதுவழி, ஆங்கிலவழி என மூவகை வகுப்புகள் காணப்படுகின்றன. தமிழ்நாடு அரசின் பாடநூல் நிறுவனம் உருது மொழியிலும் பாடநூல்களை வெளியிடுகிறது. ஆம்பூரிலுள்ள ஆனைக்கார் ஓரியண்டல் (அரபி) மேல்நிலைப் பள்ளி போன்றவை 'ஓரியண்டல் பள்ளி' என்ற தனி வகையைச் சேர்ந்தவை. இவ்வகைப் பள்ளிகளில் பொதுப் பாடங்களுடன் அரபி அல்லது வடமொழி போன்ற செம்மொழியும் கற்பிக்கப்படும்.

உருதுவழியில் பத்தாம் வகுப்பை முடிப்பவர் மேல்நிலையிலோ கல்லூரியிலோ ஆங்கிலவழிக்கு மாற நேர்கிறது. கணிதம், அறிவியல் ஆகியவற்றின் கலைச்சொற்களை மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியிருப்பது இம்மாணவர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடாகும். இதன் காரணமாகப் பெற்றோர் பலர் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலவழியை நாடுகின்றனர்.

தமிழ் கற்றல் சட்டம்

2006 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் தமிழை முதற்பகுதிப் பாடமாகக் கட்டாயமாக்கியது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்த இத்திட்டம், 2015-16 இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதுவரை உருதுவை முதற்பகுதியாக எழுதிவந்த பள்ளிகள் இதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டன.

போதிய தமிழாசிரியர் இன்றிப் பத்தாண்டுகள் கழிந்த நிலையில் மாணவரைத் தமிழ்த் தேர்வு எழுதச் சொல்வது முறையன்று என்பது மொழிச் சிறுபான்மையினர் தரப்பின் வாதம். தமிழ்நாட்டில் வாழ்ந்து வேலை தேடும் எவர்க்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிவது இன்றியமையாதது என்பது சட்டத்தை ஆதரிப்போரின் வாதம். 2016 பொதுத்தேர்வில் சிறுபான்மை மொழி மாணவர்க்குச் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. பின்னர் வெவ்வேறு ஆண்டுகளுக்கும் விலக்கு நீட்டிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டுக்கு விலக்கு வழங்கியது. விலக்கு ஆண்டுதோறும் நீதிமன்ற ஆணையைச் சார்ந்திருந்ததால், எந்தத் தேர்வுக்கு ஆயத்தமாவது என்ற ஐயம் மாணவரிடையே நிலவியது.

பள்ளிச் செயற்பாடுகள்

கல்வியாண்டு சூன் மாதம் தொடங்குகிறது. சூலை 15 காமராசர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகவும், செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாகவும், நவம்பர் 14 குழந்தைகள் நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் இந்நாட்களையொட்டி நடைபெறும். தமிழ் இலக்கிய மன்றத்துடன் உருது மன்றமும் இயங்கும் பள்ளிகள் உண்டு. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா ஆகியவை ஊர்மக்களும் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளாகும். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பதும், முன்னாள் மாணவர்கள் பரிசு, உதவித்தொகை முதலியவற்றை வழங்குவதும் வழக்கம்.

சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசியப் பசுமைப்படை ஆகியவை பள்ளியின் வசதிக்கேற்ப இயங்குகின்றன. மேல்நிலைப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் நடத்தப்படுகின்றன. முசுலிம் நிருவாகப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு ஏற்ப நேர அட்டவணை அமைக்கப்படுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாள் ஊருக்கே முக்கியமான நாளாகும். மாநிலத் தரவரிசை வெளியிடும் முறை 2017 இல் கைவிடப்பட்ட பின்னரும், தேர்ச்சி விழுக்காடே பெற்றோர் பள்ளியை மதிப்பிடும் அளவுகோலாக உள்ளது.

தோல் தொழிலும் மாணவரும்

1970களில் நடுவண் அரசு அரைப்பதன் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன்பின் இவ்வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. வட்டார வழக்கில் இவை 'ஷூ கம்பெனி' எனப்படுகின்றன. காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர்.

இதனால் இருவகை விளைவுகள் ஏற்பட்டன. தாயும் ஊதியம் ஈட்டுவதால் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிட முடிகிறது. மறுபுறம், பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறுவோரும் குடும்பத்தில் பணமுடை ஏற்படுவோரும் எளிதில் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். 2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதையும், 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்துவதையும் தடை செய்கிறது. ஏற்றுமதி ஆணைகள் குறையும் ஆண்டுகளில் தொழிலாளர் குடும்பங்களின் வருவாய் சுருங்குவதால், கட்டணம் வாங்கும் பள்ளிகளிலிருந்து உதவி பெறும் பள்ளிகளுக்கு மாணவர் இடம்பெயர்வதும் உண்டு.

பாலாறு மாசடைதல்

தோல் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் மாசடைந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகத்து 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு, கண்காணிப்பு ஆகியவை பற்றி மேலும் ஆணைகள் பிறப்பித்தது. இவ்வழக்கு சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. மாசடைந்த ஆற்றின் கரையிலேயே படிக்கும் மாணவர்க்கோ சுற்றுச்சூழல் கல்வி என்பது பாடநூலுக்கு வெளியே அன்றாடம் காணும் உண்மையாகும்.

அண்மைக் காலச் சிக்கல்கள்

அரசு உதவி பெறும் பள்ளிகள், அரசுப் பள்ளிகளுக்கும் கட்டணப் பள்ளிகளுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளன. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்டபோது, உதவி பெறும் பள்ளி மாணவர் அதில் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த, ஒரே தொழிற்சாலையில் பணிபுரியும் பெற்றோரின் பிள்ளைகள் பள்ளி வகையால் வேறுபடுத்தப்படுகின்றனர் என்ற குறை இதனால் எழுந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 இலும் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 இலும் விரிவானது.

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2025 செப்டம்பரில், ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பான வழக்கில் அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் கேள்வி பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. இதன் முடிவு இவ்வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தைப் பாதிக்கக்கூடியதாகும்.

தமிழ் இலக்கியத் தொடர்பு

உருது பேசுவோர் நிறைந்த ஊர் எனினும், வாணியம்பாடி தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. கவிக்கோ அப்துல் ரகுமான் (1937 - 2017) வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். 'ஆலாபனை' என்ற நூலுக்காக 1999 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தமிழறிஞர் மு. வரதராசனும் அருகிலுள்ள திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

ஆம்பூர்
வாணியம்பாடி
மேல்விசாரம்
பாலாறு
தமிழ்நாட்டில் கல்வி
தமிழ்நாட்டில் உருது

பகுப்புகள்: தமிழ்நாட்டுப் பள்ளிகள் | திருப்பத்தூர் மாவட்டம் | சிறுபான்மையினர் கல்வி