ஐம்பது காசின் மதிப்பு

தோட்டப்புற வரலாற்றைப் பயிலும் மாணவர் எவரும் ஓர் எண்ணைத் தவறாது எதிர்கொள்வர். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் ஆடவர்க்கு நாட்கூலி 50 காசு. பெண்டிர்க்கு 40 காசு. இதைப் படித்தவுடன் எழும் வினா, 'இன்றைய வெள்ளியில் அஃது எவ்வளவு?' என்பதே. வகுப்பில் இவ்வினா எழும்போது, விரைவாக ஒரு பெருக்கற்கணக்கைப் போட்டு விடை கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்லும் ஆவல் ஆசிரியர்க்கு எழுவது இயல்பு. ஆயினும், நாம் தேர்ந்துகொள்ளும் பெருக்கெண்ணைப் பொறுத்து நம் பாட்டன்மார் பரம ஏழைகளாகவும் ஆகலாம், செல்வந்தர்களாகவும் ஆகலாம்.

பலரும் கையாள்வது பொன்னை அளவுகோலாகக் கொள்ளும் முறை. 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி ஒன்று 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று ஆங்கில நாணயத்தோடு பிணைக்கப்பட்டது. அக்கணக்கின்படி 1928இல் ஒரு பொற்பவுனின் மதிப்பு 8 வெள்ளி 57 காசு. நாளொன்றுக்கு 50 காசு பெற்றவர் பதினேழு நாள் பால்மரம் வெட்டினால் ஏறத்தாழ ஒரு பவுனுக்குரிய தொகையை ஈட்டினார். இன்றைய நிலை என்ன? மலேசியாவில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. மாதத்திற்கு 26 வேலைநாள் எனக் கொண்டால், பதினேழு நாளுக்கு 1,100 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். அத்தொகைக்கு அதே பவுனில் பாதிகூட வாராது. ஆகவே, லயத்தின் ஓர் அறையில் குடும்பத்தோடு ஒடுங்கிக் கிடந்தவர் இன்றைய தொழிலாளியினும் இரு மடங்கு வளமுடையவர் என்று முடிவுகட்ட வேண்டியதாகும்! அன்று பொன்னின் விலையைச் சட்டம் கட்டிவைத்திருந்தது. இன்று அது உலகச் சந்தையின் அச்சத்திற்கேற்ப ஏறி இறங்குகிறது. மாறியது பொன்னின் கதையே, தொழிலாளியின் கதையன்று.

இனி, அக்கூலி சென்று சேர்ந்த இடத்தையும் நோக்க வேண்டும். அதில் ஒரு பகுதி ஊருக்குச் சென்றது. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். எனவே ஒரு மலாயா வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா கிடைத்தது. 1927இல் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று இந்திய அரசு உறுதிசெய்தது. அதன்பின் ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 9 அணாகூட நிறைவாகக் கிடைக்கவில்லை. முன்பு பத்து வெள்ளி அனுப்பினால் ஊரிலிருந்த தாய்க்கு 17 ரூபாய் 8 அணா. பின்பு அதே பத்து வெள்ளிக்குச் சற்றேறக்குறைய 2 ரூபாய் குறைவு. வெட்டிய மரமும் சுமந்த பாலும் மாறவில்லை. எங்கோ இருந்த அலுவலகங்களில் போடப்பட்ட கையெழுத்து, சிற்றூர் அடுப்பில் வேகும் அரிசியைக் குறைத்தது.

தோட்டத்திற்குள்ளும் காசின் மதிப்பு ஒரே தன்மையதன்று. கடற்கரையை அடுத்த பகுதிகளில் 50 காசும் 40 காசுமாக இருந்த கூலி, பகாங்கின் உட்பகுதிகளில் 58 காசும் 46 காசுமாக இருந்தது. உள்நாட்டுக்குப் பொருள் கொண்டுசெல்லும் செலவு மிகுதி. கடைச்சரக்கின் விலையும் அவ்வாறே. ஆகவே 58 காசு பெற்றவர் 50 காசு பெற்றவரினும் வசதியாக வாழ்ந்தார் எனக் கொள்ளற்க. மேலும், இது நாட்கூலி. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பெயர்ப்பட்டியலில் பெயரும் இல்லை. மறுபுறம், லயத்திற்கு வாடகை கிடையாது. இன்றைய தொழிலாளியின் ஊதியத்தில் பெரும்பங்கை விழுங்கும் வீட்டுச் செலவு அன்றைய கணக்கிலேயே இல்லை. ஆயினும் வேலை போன அன்றே வீடும் போயிற்று. இதை எந்த விலைக் குறியீட்டெண்ணில் ஏற்றுவது?

விலைக் குறியீட்டெண் பயனற்றது என்பதன்று என் கருத்து. அதைத் தனித்து நம்புவதே இடர். 1930இல் உலக வணிகம் நொடித்து, இரப்பர் விலை வீழ்ந்தபோது, கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அக்காலத்தில் அரிசியின் விலையும் தாழ்ந்தது. ஆதலின் இன்றைய ஆய்வாளர் விலைக் குறியீட்டெண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், 'இழப்பு அவ்வளவு பெரிதன்று' என்றே எழுதக்கூடும். வேலையிழந்து கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்ட பல்லாயிரவர்க்கு நாட்கூலியே இல்லை. அவர்கள் அந்தச் சராசரிக்குள் வாரார். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்து, பழைய கூலியை மீட்டளிக்கப் பரிந்துரைத்த பின்னரே, 1937இல் 50 காசு திரும்பியது. மறு ஆண்டே அது 45 காசாகவும் 36 காசாகவும் குறைக்கப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. ஐந்து காசுக்காக ஒரு நாடு துறைமுகத்தை அடைத்தது என்றால், அந்த ஐந்து காசின் மதிப்பை இன்றைய வெள்ளியில் எழுதிக்காட்ட இயலுமா?

1942 முதல் 1945 வரையிலான தொகைகளை இவ்வாறு மாற்ற முற்படுவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு தொடக்கத்தில் மலாயா வெள்ளிக்கு நிகராகக் கூறப்பட்டது; ஆங்கிலேயர் திரும்பியதும் வெறுந்தாளாயிற்று. அக்காலத்துக் கடன்களைத் தீர்ப்பதற்கென 1948இல் சட்டமே இயற்றினர். அதில், நாள் செல்லச் செல்ல அந்நோட்டின் மதிப்பு இறங்குவதைக் காட்டும் அட்டவணையும் இணைக்கப்பட்டது. ஆதலின் அவ்வாண்டுகளைச் சேர்ந்த தொகை எதுவாயினும், ஆண்டை மட்டும் குறித்தால் போதாது. மாதத்தையும் குறித்தாக வேண்டும்.

மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது வேறொரு வழி. ஒரு காலத்துத் தொகையை அதே காலத்து மற்றொரு தொகையோடு ஒப்பிடட்டும். பெண்களின் கூலியை எடுத்துக்கொள்வோம். 50க்கு 40, பகாங்கில் 58க்கு 46, குறைப்பின்போது 40க்கு 32, 1938இல் 45க்கு 36. இரப்பர் விலை ஏறினும் இறங்கினும், அரிசி மலிந்தாலும் அருகினாலும், அதிகாலை இருளில் அதே பெரட்டில் நின்று அதே நிரையில் மரம் வெட்டிய பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கே அளக்கப்பட்டது. இக்கணக்கிற்கு இன்றைய வெள்ளி தேவைப்படவில்லை.