சாணிக்குக் கணக்கெழுதிய நாடு

2019 அக்டோபர் 1 அன்னிக்கு நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குள்ள ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் புகுந்த படங்களைப் பார்த்திருப்பீங்க. கால்நடை எண்ணிக்கையைப் பாதியாக் குறைக்கணும்னு ஆளுங்கூட்டணி எம்.பி. ஒருத்தர் சொல்லிட்டார்னு விவசாயிகளுக்குக் கோபம். சாணியிலிருந்து கிளம்பும் அம்மோனியா காட்டையும் புதர்நிலத்தையும் கெடுக்குதுங்கறதுதான் பிரச்சினை. இவ்வளவு பெரிய சண்டை சாணிக்காகவான்னு தேட ஆரம்பிச்சேன். பெரிய சரித்திரமே இருக்கு மக்களே!

அந்த நாட்டின் தெற்கும் கிழக்கும் வெறும் மணல். எரு இல்லேன்னா ஒண்ணும் விளையாது. புதர்நிலத்தின் மேல்மண்ணைப் பாளம் பாளமா வெட்டிக் கொட்டிலில் பரப்பி, சாணியோட ஊற வெச்சு வயலுக்குக் கொண்டு போவாங்க. நூற்றாண்டுக் கணக்கா இப்படிக் கொட்டிக் கொட்டி வயல்களே மேடாயிடுச்சு. வடக்கே குரோனிங்கன் நகரத்துக்கு எரிக்கக் கரிமண் கொண்டு வந்த படகுகள், திரும்பும்போது ஊர்க்கழிவை உரமா ஏத்திக்கிட்டுப் போகும். எருவுக்கு அப்படி ஒரு மதிப்பு.

இது தலைகீழானது இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தைப் பார்த்த நாடு, இனி பசியே கூடாதுன்னு உற்பத்தியைப் பெருக்கியது. ஐரோப்பாவுக்குள்ள தானியம் விலை அதிகம். தாய்லாந்து மரவள்ளிக்கிழங்கும் கடல்கடந்து வந்த சோயாவும் மலிவு. ராட்டர்டாம் துறைமுகத்தில் தீவனம் இறங்க இறங்க, கையளவு நிலம் வெச்சிருந்தவர்கூட நூத்துக்கணக்கில் பன்றி வளர்க்க முடிஞ்சுது. தீவனம் விளைஞ்சது தாய்லாந்தில், சாணி விழுந்தது பிரபாண்டில்!

இங்கேதான் பொருளாதாரம் வருது. பன்றிச் சாணிக்கூழில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல தண்ணி. அதை லாரியில் ஏத்தி நூறு கிலோமீட்டர் அனுப்பினா, உள்ளே இருக்கும் சத்தைவிட வாடகை ஜாஸ்தி. அதனால எருவுக்கு விலை போய், எருவை எடுத்துக்கச் சொல்லிக் காசு கொடுக்கும் நிலைமை வந்துடுச்சு. காசு கொடுக்க மனசில்லாதவர் சொந்த வயலிலேயே கொட்டுவார். நைட்ரேட் நிலத்தடி நீருக்குள்ள இறங்கும்.

1984ல் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டுப் பன்றி, கோழிப் பண்ணைகளின் வளர்ச்சியைத் தடுத்தது. 1987லிருந்து பண்ணைதோறும் சாணிக் கணக்குப் புத்தகம். ஹெக்டேருக்கு 125 கிலோ பாஸ்பேட்டுக்கு மேல போனா வரி. 1991ல் ஐரோப்பிய நைட்ரேட் விதி வந்து, ஹெக்டேருக்குக் கால்நடை எருவிலிருந்து 170 கிலோ நைட்ரஜன்தான்னு வரம்பு கட்டியது.

1998ல் டச்சுக்காரங்க ‘மினாஸ்’னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பண்ணை வாசலில் உள்ளே போகும் தீவனம், உரம் எவ்வளவு, வெளியே வரும் பால், கறி எவ்வளவு? வித்தியாசம் அளவு மீறினா வரி. எப்படிக் குறைக்கறதுங்கறது விவசாயி இஷ்டம். எனக்கென்னவோ இது ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனையாப் படுது. ஆனா 2003ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒத்துக்கலை. நிலத்தில் போடும் அளவையே முன்கூட்டிக் கட்டுப்படுத்தணும், மிச்சத்துக்குப் பின்னாடி வரி போட்டாப் போதாதுன்னு சொல்லிடுச்சு. 2006ல் மினாஸ் போய், போடும் அளவுக்கே வரம்பு வந்தது. புல்வெளி அதிகமுள்ள பண்ணைகளுக்கு மட்டும் 250 கிலோ வரை சலுகை.

அடுத்தது பால். 1984லிருந்து இருந்த ஐரோப்பியப் பால் ஒதுக்கீடு 2015ல் முடிஞ்சது. கட்டுப்பாடு போச்சுன்னு கடன் வாங்கிப் புதுக் கொட்டில் கட்டினவங்க ஏராளம். அதே வருஷம் நாட்டின் மொத்தப் பாஸ்பேட் 17 கோடியே 29 லட்சம் கிலோங்கற உச்சவரம்பைத் தாண்டிடுச்சு. 2017ல் மாடுகளைக் குறைக்கச் சொன்னாங்க. 2018ல் பாஸ்பேட் உரிமைன்னு ஒண்ணு வந்தது. ஒரு மாடு கூட வளர்க்க ஆயிரக்கணக்கான யூரோவுக்கு அந்த உரிமையை வாங்கணும். காசுள்ளவர் வாங்கினார், சின்னவர் வித்துட்டுக் கிளம்பினார். நடுவில் 2017 நவம்பரில், சாணியைக் காகிதத்தில் மட்டும் ஏத்தி அனுப்பின மோசடிகளை ஒரு பத்திரிகை அம்பலமாக்கியது. கொட்டக் காசுன்னா ஏமாத்தவும் லாபம்தானே!

2022ல் ஐரோப்பிய ஆணையம் 250 கிலோ சலுகையையும் படிப்படியா முடிக்க உத்தரவு போட்டது.

என் பார்வையில் அந்தச் சட்டங்கள் எல்லாம் சாணியைத்தான் துரத்தின. தீவனம் விளையும் மண்ணுக்கும் சாணி விழும் மண்ணுக்கும் நடுவே கடல் வந்ததைப் பத்தி ஆரம்பத்திலேயே பேசியிருக்கணும். பேசாம விட்டதால, அரசாங்கமும் வங்கியும் சொன்னதை நம்பிக் கடன் வாங்கினவர்தான் கடைசியில் சுமக்கிறார். தண்ணியைக் காப்பாத்தக் கட்டுப்பாடு வேணும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா நாற்பது வருஷ ஊக்கத்துக்கான பில்லை, நேத்து கொட்டில் கட்டினவர் தலையில் மட்டும் கட்டறது நியாயமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?