நன்னூலின் காற்கூறு: கேட்டலும் உரைத்தலும்

மரபுத் தமிழ்க் கல்வி, கேட்டு மனத்தில் இருத்தும் கல்வி. வினாவும் உரையாடலும் கூடிப் பயில்வதும் அதற்கு வெளியிலிருந்து வந்தவை. இப்படியொரு கருத்து நம் கல்வி வரலாற்று எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைக் கூறும் நூற்பா. ஆசிரியர் பணித்தபோது அமர்ந்து, கேட்டபோது மட்டும் வாய்திறந்து, ஓவியப் பாவைபோல் அடங்கி, செவியால் பருகி நெஞ்சில் நிறைத்துக்கொள்ளும் மாணாக்கனை அது காட்டுகிறது. சான்று மெய்யானதே. ஆனால் அந்த நூற்பாவோடு நின்றுவிடுவதால்தான் இம்முடிவு பிறக்கிறது. அடுத்தடுத்த நூற்பாக்களைச் சேர்த்துப் படித்தால் இது நிற்காது.

அடுத்து வரும் நூற்பா மாணாக்கனின் கடமைகளை அடுக்குகிறது. பாடத்தைப் போற்றுவதும் கேட்டதைச் சிந்திப்பதும் அதில் உண்டு. தகுதியுடைய பிறரோடு பயில்வதும், வினவுவதும், தன்னிடம் வினவியவற்றுக்கு விடை சொல்வதும் அதே பட்டியலில், அதே தகுதியோடு நிற்கின்றன. பின்னர் மறுமுறை கேட்பதன் பயனும் மும்முறை கேட்பதன் பயனும் சொல்லப்படுகின்றன. பலமுறை கேட்டலே மரபின் முறை என்போர் இவ்விடத்தைத் தமக்குத் துணையாகக் கொள்வர். ஆனால் மூன்றாம் முறை கேட்பதற்கு நன்னூலின் ஆசிரியர் பவணந்தியார் சொல்லும் பயன், பாடத்தை முறையறிந்து எடுத்துரைக்கும் ஆற்றல். கேட்டல் அங்கேயே உரைத்தலை நோக்கித் திரும்பிவிடுகிறது. இதற்குப் பின் வரும் இரண்டு நூற்பாக்களே நம் வழக்கின் மையம். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. செவ்வையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு.

முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் என்ற நிபந்தனையை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. கவனமின்றிக் கேட்டவனுக்குக் கால் பங்கு என்று நூல் சொல்லவில்லை. குறையின்றிக் கேட்டவனுக்கே அவ்வளவுதான். ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்த அந்த மாணாக்கன்தான் இங்கே கால் பங்கோடு நிற்கிறான்.

மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. அரைப் பங்குக்கு உரிய உரைத்தலை, நன்னூலுக்கு எழுந்த காண்டிகையுரை மரபு, தன் மாணாக்கர்க்கும் அவையோர்க்கும் விரித்துரைத்தல் என்று கொள்கிறது. அப்படியானால் அது ஆசிரியனான பிறகு நிகழ்வது. வகுப்பறைக் கற்றலுக்கு அதனால் சான்றில்லை. உரையாசிரியர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் நூலின் அமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. பொதுப்பாயிரம் தன்னையே ஐந்தாகப் பகுத்துக்கொள்கிறது: நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற் கூற்று. கற்பிக்கும் முறைக்கு நுவலும் திறன் என்ற தனி இடம் இருக்கிறது. கொள்வோனின் அறிவளவு அறிந்து, சினமின்றி முகமலர்ந்து பாடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிந்துவிட்டது. அரைப் பங்கு நூற்பாவோ கோடற் கூற்றில், கொள்ளும் முறையைச் சொல்லும் பகுதியில் நிற்கிறது. ஆசிரியனின் தொழிலைச் சொல்வதே நோக்கமாக இருந்தால் இடமாறி வந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே எடுத்துரைத்தலைக் கற்றலின் ஒரு படியாகவே நன்னூல் கொண்டது என்பதே பொருத்தமான பொருள்.

உரையாசிரியர் சொல்லும் மாணாக்கர் என்பதும் இதற்கு முரணாகாது. கற்பவன், கற்பிப்பவன் என்ற இரு நிலையும் ஒருவரிடமே ஒரே காலத்தில் இருந்தன. 1876-இல் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் உ.வே.சாமிநாதையர் இருந்த நிலை இதுதான். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் தாம் பாடம் கேட்டார். அதே மடத்தில் தம்பிரான்களுக்கும் பிற மாணாக்கர்களுக்கும் பாடம் சொன்னார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அவர் நுழைந்தபோது, பாடம் சொல்லல் அவருக்குப் புதிய தொழிலாக இருக்கவில்லை. நன்னூலுக்கும் இதற்கும் இடையிலுள்ள ஆறு நூற்றாண்டு இடைவெளியை ஒரு மடத்து வழக்கால் நிரப்ப முடியாதுதான். ஆனால் உரையாசிரியர் கூற்று இந்த வழக்கோடு இயல்பாகப் பொருந்துகிறது.

கால், அரை என்பவை அளந்து கண்டவை அல்ல என்ற மறுப்புக்கு நெடிய விடை வேண்டியதில்லை. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதையே அவை காட்டுகின்றன. இதே காரணத்தால், ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் காட்டப்படும் கற்றல் பிரமிடோடு நன்னூலை இணைத்துப் பெருமை பேசுவதையும் ஏற்க முடியாது. கேட்டால் 5 விழுக்காடு, பிறர்க்குக் கற்பித்தால் 90 விழுக்காடு என்னும் அந்த எண்களுக்கு ஆய்வு அடிப்படை இல்லை. அவற்றுக்கு மூலமாகக் காட்டப்படும், எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட கூம்பில் எண்களே கிடையாது. ஒப்பிட வேண்டுமானால் 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த, 225 ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பாய்வு இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பட்ட வகுப்புகளில் விரிவுரை மட்டும் கேட்டோரின் தோல்வி 33.8 விழுக்காடு, ஈடுபட்டுக் கற்றோரின் தோல்வி 21.8 விழுக்காடு. இது நன்னூலை மெய்ப்பிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டல் மட்டும் போதாது என்ற மதிப்பீடு வெறும் கற்பனையன்று என்பதற்கு இது போதும்.

விரிவுரையை அறவே விலக்கச் சொல்வோருக்கும் இந்நூற்பாக்கள் இடம்தரவில்லை. முதல் கால் பங்கு ஆசிரியரிடமிருந்தே வருகிறது. அதைப் பெறாதவனுக்கு உடன் பயில்வோரிடம் பேசவும் பிறர்க்கு உரைக்கவும் பொருள் இராது.

பாவைபோல் அடங்கிய மாணாக்கனைக் காட்டும் நூற்பாவைத் தனியே பிரித்தெடுத்து, அதையே தமிழ்க் கல்வி மரபின் முழு உருவமாக நிறுத்தும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். கோடற் கூற்றுப் பகுதியை முழுவதுமாக, அதன் வரிசையிலேயே ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.